ஒன்பதாம் எண்ணுக்கு ஆட நாள் கொடுங்கள்

அகில இந்தியக் கால்பந்து சம்மேளனத்தின் தலைவருக்கும், செயற்குழு உறுப்பினர்களுக்கும், லீக் அட்டவணை போடுகிறவர்களுக்கும்,

வணக்கம்.

என் வீட்டு அலமாரியில் ஒரு கணக்கு நோட்டு இருக்கிறது. பள்ளிப் பிள்ளைகள் வாங்கும் கோடு போட்ட நோட்டுதான். தேதி, ஊர், எதிரணி, நான் அடித்த கோல், கைக்கு வந்த பணம் என்று ஐந்து பத்திகள் பிரித்து வைத்திருக்கிறேன். 2003-இல் சென்னை லீக்கின் கீழ் டிவிஷனில் முதல் ஆட்டம் ஆடிய அன்று இரவு தொடங்கிய கணக்கு அது. 2017-இல் வலது முழங்கால் போன அன்றோடு முடிகிறது. நடுவில் ஆறு மாநிலங்கள், பதினோரு அணிகள். எல்லா அணியிலும் எனக்கு ஒரே வேலை, கோல் அடிக்கும் ஸ்ட்ரைக்கர், வழக்கமாக ஒன்பதாம் எண் சட்டைக்காரன்.

அந்த நோட்டில் சில வரிகள் நீல மையில் இருக்கும், சில வரிகள் பென்சிலில் இருக்கும். உங்கள் சம்மேளனமும் மாநிலச் சங்கங்களும் அங்கீகரித்த ஆட்டங்கள் நீலம். கேரளத்தின் மலப்புறத்தில் அணிக்கு ஏழு பேராக ஆடிய செவன்ஸ் ஆட்டங்கள் பென்சில். அங்கீகாரம் இல்லாத போட்டியில் ஆடினான் என்று யாராவது கேட்டால் அழித்துவிடலாம் என்பதற்காகத்தான் பென்சில். பதினான்கு வருடத்தில் நீல வரிகள் 127. பென்சில் வரிகளை எண்ணூறுக்கு மேல் எண்ணுவதை விட்டுவிட்டேன்.

இந்த மடலில் நான் சொல்ல வந்தது அந்த இரண்டு எண்களுக்கு நடுவில்தான் இருக்கிறது.

2018 அக்டோபர் 18, ஆயுத பூஜை. தெருவில் ஆட்டோக்களுக்கெல்லாம் வாழைக்கன்று கட்டியிருந்தார்கள். என் மைத்துனர் டிக்கெட் எடுத்து வந்து, வீட்டில் சும்மா படுத்துக் கிடக்காதீர்கள் மாமா என்று நேரு ஸ்டேடியத்துக்கு இழுத்துக்கொண்டு போனார். முழங்காலில் அறுவை சிகிச்சை முடிந்து ஓராண்டு ஆகியிருந்தது. படிக்கட்டில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டுதான் ஏறினேன். நடப்புச் சாம்பியன் சென்னையின் அணிக்கு எதிரே நார்த்ஈஸ்ட் யுனைடெட். ஒரு கட்டத்தில் சென்னை 3-1 என்று முன்னிலையில் இருந்தது. அப்புறம் நார்த்ஈஸ்ட் அணியின் ஸ்ட்ரைக்கர் முதல் பாதி முடிவதற்குள் தன் ஹாட்ரிக்கை முடித்துவிட்டார். ஆட்டம் 4-3 என்று அவர்கள் பக்கம் போனது.

அவர் பெயர் பார்தலோமியு ஓக்பெச்சே. நைஜீரியர். 1984 அக்டோபரில் பிறந்தவர், அதாவது என்னைவிட ஒரு வயது மூத்தவர்.

என்னைச் சுற்றியிருந்தவர்கள் பந்தைப் பார்த்தார்கள். நான் பந்தை விட்டுவிட்டு அவரை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் பெரிதாக ஓடவில்லை. தடுப்பாட்டக்காரனின் தோளுக்குச் சற்றுப் பின்னால், அவன் கண்ணுக்குத் தெரியாத இடத்தில், நடந்துகொண்டிருப்பார். பந்து பக்கவாட்டுக்குப் போகிறது. தடுப்பவன் தலையைத் திருப்பிப் பந்தைப் பார்க்கிறான். அந்த நொடியில் இவர் இரண்டடி நகர்ந்துவிடுகிறார். அவ்வளவுதான். அவன் தலை திரும்பி வரும்போது ஆள் அங்கே இல்லை. என் பக்கத்தில் இருந்த ஒரு பையன், இந்த ஆள் நடக்கத்தான் செய்கிறான், எப்படி கோல் விழுகிறது என்று கேட்டான். முப்பத்து நான்கு வயதில் அப்படி நடக்க வேண்டுமென்றால் அதற்குமுன் எத்தனை நூறு ஆட்டம் ஆடியிருக்க வேண்டும் என்று எனக்குத் தெரியும். அன்று இரவு வீட்டுக்கு வந்து நோட்டை எடுத்து நீல வரிகளை எண்ணினேன். 127 என்ற கணக்கு அன்றைக்குப் போட்டதுதான்.

ஓக்பெச்சேயின் பாதையைக் கொஞ்சம் பாருங்கள். பாரிஸ் செயின்ட் ஜெர்மெயின் அணியின் இளையோர் பிரிவில் வளர்ந்தவர். 2002 உலகக் கோப்பையில் நைஜீரியாவுக்காக ஆடியபோது அவருக்கு வயது பதினேழு. இத்தனை பெரிய தொடக்கம் கிடைத்தவர் பெரிய நட்சத்திரமாக ஆகவில்லை. பாஸ்டியா, மெட்ஸ், பிறகு ஐக்கிய அரபு அமீரகத்தின் அல் ஜஸீரா, ஸ்பெயினில் அலாவெஸ், வல்லடோலிட், காடிஸ், கிரீஸில் கவாலா, இங்கிலாந்தில் மிடில்ஸ்பரோ, மறுபடி ஸ்பெயினில் செரெஸ், நெதர்லாந்தில் கம்பூர், வில்லெம். ஓர் ஊரில் துணிப்பெட்டியைத் திறப்பதற்குள் அடுத்த ஊருக்குக் கட்ட வேண்டிய வாழ்க்கை. சில அணிகளில் கோல் வந்தது, சிலவற்றில் வரவில்லை. 33 வயதில் இந்தியாவுக்கு வந்தார். நார்த்ஈஸ்டில் 12 கோல், அடுத்த ஆண்டு கேரளா பிளாஸ்டர்ஸில் 15, மும்பை சிட்டியில் 8, ஹைதராபாத்தில் 18, மறு ஆண்டு 10. ஆக ஐந்து சீசனில் 63 கோல். மும்பையோடு ஒரு கோப்பை, ஹைதராபாத்தோடு ஒரு கோப்பை. 2022-இல் அதிக கோல் அடித்தவருக்கான தங்கக் காலணியையும் வாங்கியபோது அவருக்கு வயது 37.

நாம் இதைப் பார்த்துவிட்டு, ஆப்பிரிக்கர், உடல் பலம் என்று சொல்லிவிடுகிறோம். தயவுசெய்து அப்படிச் சொல்லாதீர்கள். அது அவர் உழைப்பை அவமதிப்பது. 37 வயதில் உடல் பலத்தால் யாரும் இருபது வயதுத் தடுப்பாட்டக்காரனை ஏமாற்றுவதில்லை. அவருக்குக் கிடைத்ததும் எனக்குக் கிடைக்காததும் ஆட்ட நாட்கள். ஸ்பெயினின் இரண்டாம் டிவிஷனில் ஓர் அணிக்கு ஒரு சீசனில் 42 லீக் ஆட்டம். ஆகஸ்டில் தொடங்கினால் மே, ஜூன் வரை வாராவாரம் பந்து உருளும். மூன்று வருடத்தில் 126 ஆட்டம் வந்துவிடும். ஏறக்குறைய நான் பதினான்கு வருடம் அலைந்து சேர்த்த எண்ணிக்கை அது.

என் காலத்தில் இரண்டாம் டிவிஷன் தேசிய லீக்கில் ஓர் அணிக்காக ஒப்பந்தமானால், குழுச் சுற்றில் பத்து ஆட்டம் கிடைத்தாலே அதிகம். அடுத்த சுற்றுக்குப் போகாவிட்டால் அவ்வளவுதான், ஊருக்குப் பெட்டி கட்ட வேண்டியது. முதல் இரண்டு ஆட்டத்தில் கோல் வராத ஸ்ட்ரைக்கர் மூன்றாவது ஆட்டத்தில் உட்கார வைக்கப்படுவான். மீதி இருப்பதே நான்கைந்து ஆட்டம், அதற்குள் அவன் எப்படி எழுந்து வருவான்? நடுக்கள வீரன் பத்துப் பந்து கொடுத்து இரண்டு தவறினால் நல்ல ஆட்டம் என்பார்கள். ஸ்ட்ரைக்கருக்கு ஓர் ஆட்டத்தில் வருவதே இரண்டு பந்து. தவறவிட்டுத் தவறவிட்டுத்தான் இந்தத் தொழில் கைக்கு வரும். தவறவிடுவதற்கு ஆட்டம் வேண்டும்.

மீதி மாதங்களில் நான் என்ன செய்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். இதை எழுதத் தயங்கினேன், இப்போது என்னைத் தண்டிக்க ஒன்றும் மிச்சமில்லை என்பதால் எழுதுகிறேன்.

மழை ஓய்ந்ததும் சென்ட்ரலில் மங்களூர் மெயில் ஏறுவேன். விடிகாலையில் ஷொர்ணூரில் இறங்கி நிலம்பூர் ரயிலைப் பிடித்தால் பெரிந்தல்மண்ணை பக்கம், வண்டூர் பக்கம் போய்விடலாம். மாலையில் ஜீப்பில் ஒலிபெருக்கி கட்டி அன்றைய ஆட்டத்தை ஊர் ஊராகச் சொல்லிக்கொண்டு போவார்கள். அறுவடை முடிந்த வயலைச் சுற்றிக் கமுகுத் தடியும் பலகையும் கட்டி உட்காரும் படிகள் போட்டிருப்பார்கள். பத்தாயிரம் பேர் இருந்தாலும் ஆச்சரியமில்லை. எட்டு வயதுப் பையனும் எழுபது வயதுப் பெரியவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து ஒரே மாதிரி கத்துவார்கள். விளக்கு வெளிச்சத்தில் வயல் மண் வெந்தது போல் சிவந்திருக்கும். அணிக்கு ஏழு பேர். முடிந்ததும் மேலாளர் வேனின் பின்சீட்டில் வைத்து அன்றைய கூலியை எண்ணிக் கொடுத்துவிடுவார். ஒரு நாளும் பாக்கி வைத்ததில்லை. மறுநாள் இன்னொரு ஊர். அரீக்கோட்டில் ஒரு மூதாட்டி, நான் முந்தின வருடம் அடித்த ஒரு கோலை நினைவு வைத்திருந்து, தமிழன் வந்துவிட்டான் என்று பேரனிடம் காட்டினார். என் நீல வரி ஆட்டங்கள் ஒன்றைக்கூட அப்படி யாரும் நினைவு வைத்திருந்ததில்லை.

செவன்ஸ் என் வீட்டு அடுப்பை எரிய வைத்தது. என் தங்கை கல்யாணத்துக்கு அந்தப் பணம்தான். அந்த மண்ணுக்கு நான் கடன்பட்டிருக்கிறேன். ஆனால் தொழில் தெரிந்தவன் என்ற முறையில் ஒன்றைச் சொல்ல வேண்டும். ஸ்ட்ரைக்கருக்கு அது பாதிப் பள்ளிக்கூடம்தான். சின்ன இடத்தில் பந்தை நிறுத்தவும், திரும்பவும், காலைத் தூக்காமல் சட்டென்று அடிக்கவும் அங்கே கற்றுக்கொள்ளலாம். நான் ஆடிய செவன்ஸில் ஆஃப்சைட், அதாவது பந்து வருமுன் தடுப்பாட்டக்காரர்களைத் தாண்டி நிற்கக் கூடாது என்ற விதி, கிடையாது. கோலுக்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டு பந்து கேட்கலாம். ஆறு மாதம் அப்படி ஆடிவிட்டுப் பெரிய மைதானத்துக்கு வந்தால், தடுப்பாட்டக்காரர்களின் கோட்டோடு கோடாக நின்று, பந்து காலை விட்டுக் கிளம்பும் நொடியில் ஓடும் அந்தக் கணக்கு காலுக்கு மறந்துபோயிருக்கும். கொடி உயர்ந்துகொண்டே இருக்கும். பயிற்சியாளர் கத்துவார். கணக்கு திரும்பி வருவதற்குள் சீசன் முடிந்துவிடும். ஓக்பெச்சே தோளுக்குப் பின்னால் நடந்தாரே, அந்தக் கணக்கைத்தான் நான் ஒவ்வொரு வருடமும் புதிதாகக் கற்று, ஒவ்வொரு வருடமும் தொலைத்தேன்.

இப்போது நாடு முழுக்க ஒரு கேள்வி: நமக்கு ஏன் கோல் அடிக்க ஆள் இல்லை? 2024 ஜனவரியில் கத்தாரில் நடந்த ஆசியக் கோப்பையில் மூன்று ஆட்டம் ஆடினோம். ஆஸ்திரேலியா, உஸ்பெகிஸ்தான், சிரியா மூன்றிடமும் தோற்றோம், ஒரு கோல்கூட அடிக்கவில்லை. அந்த ஜூனில் கேப்டன் சுனில் சேத்ரி இந்திய அணியிலிருந்து ஓய்வு பெற்றார், அடுத்த மார்ச்சில் அவரையே திரும்பக் கூப்பிட்டோம். 2024-25 ஐ.எஸ்.எல். (இந்தியன் சூப்பர் லீக்) சீசனில் அதிக கோல் அடித்த இந்தியர் அவர்தான், 14 கோல், வயது 40. அவர் கூடுதலாக ஓடியதற்கு நாம் நன்றி சொல்ல வேண்டும். ஆனால் அவருக்குப் பின்னால் வரிசையில் யாரும் நிற்கவில்லையே. 2025 அக்டோபரில் கோவாவின் மட்காவில் சிங்கப்பூரிடம் 1-2 என்று தோற்று 2027 ஆசியக் கோப்பைக்கான வாய்ப்பையும் இழந்துவிட்டோம்.

வெளிநாட்டு ஸ்ட்ரைக்கர்கள் இடத்தை அடைத்துக்கொண்டார்கள், அவர்களை நிறுத்துங்கள் என்று சிலர் சொல்கிறார்கள். நான் அந்தக் கட்சி இல்லை. ஐ.எஸ்.எல். தொடங்கிய 2014-இல் களத்தில் ஆறு வெளிநாட்டவர் ஆடினார்கள். 2017-இல் அதை ஐந்தாக்கினீர்கள், 2021-இல் நான்காக்கினீர்கள். எண்ணிக்கை குறைந்தது. ஒன்பதாம் எண் இடம் மட்டும் பெரும்பாலும் வெளிநாட்டவரிடமே இருக்கிறது. 2024-25 வரை ஓர் இந்தியர்கூட அங்கே தங்கக் காலணி வாங்கியதில்லை. கிளப்காரர்கள் மீது இதில் எனக்குக் கோபம் வரவில்லை. பணம் போட்டு அணி நடத்துகிறவர், நானூறு ஆட்டம் ஆடிய ஸ்ட்ரைக்கரையும் நாற்பது ஆட்டம் ஆடிய ஸ்ட்ரைக்கரையும் எதிரெதிரே வைத்துப் பார்த்தால் யாரை எடுப்பார்? நானாக இருந்தாலும் ஓக்பெச்சேயைத்தான் எடுப்பேன். நம் பையன் அந்த நானூறை எங்கே போய் ஆடுவான் என்பதற்கு விடை சொல்ல வேண்டியவர்கள் நீங்கள்.

சேத்ரி எங்கே ஆடினார் என்று யோசித்துப் பாருங்கள். மோகன் பகானில் தொடங்கி, 2005 முதல் மூன்று ஆண்டு பஞ்சாபின் ஜே.சி.டி. அணியில் வாராவாரம் ஆடி வளர்ந்தவர் அவர். பிறகு ஈஸ்ட் பெங்கால், டெம்போ என்று அவரும் ஊர் மாறியவர்தான். அந்த ஜே.சி.டி. 2011-இல் மூடப்பட்டது. அதற்கு முந்தின ஆண்டு மகிந்திரா யுனைடெட் போனது. 2016-இல் கோவாவின் சல்காவ்கரும் ஸ்போர்ட்டிங்கும் டெம்போவும் தேசிய லீக்கான ஐ-லீக்கிலிருந்து விலகிக்கொண்டன. ஒவ்வொரு அணி மூடும்போதும் கோப்பைகளைப் பற்றி எழுதினார்கள். அந்த அணிகளில் இருந்த இரண்டாவது, மூன்றாவது ஸ்ட்ரைக்கர் எங்கே போனான் என்று யாரும் எழுதவில்லை. அவர்களில் இரண்டு பேரை நான் வண்டூர் வயலில் சந்தித்தேன்.

எங்கள் சென்னையிலும் ஒரு காலத்தில் வேறு ஏற்பாடு இருந்தது. ஐ.சி.எஃப்., தென்னக ரயில்வே, இந்தியன் வங்கி, கஸ்டம்ஸ் என்று அலுவலக அணிகள் வேலை கொடுத்து ஆட வைத்தன. எனக்கு முன்னால் ஆடிய அண்ணன்மார்கள் காலையில் பயிற்சி, பத்து மணிக்கு மேல் அலுவலகம் என்று இருந்தார்கள். கால் போனாலும் சம்பளம் போகாது. திருச்சூர் மைதானத்தில் சோடா விற்ற ஐ.எம். விஜயனுக்குக் கேரளக் காவல்துறை வேலை கொடுத்தது. நாடே கொண்டாடிய ஸ்ட்ரைக்கர் அப்படித்தான் உருவானார். என் தலைமுறை வந்தபோது அந்தக் கதவு ஒருக்களித்து மூடத் தொடங்கியிருந்தது. கிளப் கால்பந்துதான் இனி எதிர்காலம், வேலையைப் பற்றி யோசிக்காதே, ஆட்டத்தைப் பார் என்று எங்களுக்குச் சொன்னார்கள். நம்பினோம்.

நம்பியதற்கு எனக்குக் கிடைத்த ஒன்றை மட்டும் சொல்கிறேன். பெயர் சொல்லப் போவதில்லை. ஒருவரைப் பழிவாங்க இதை எழுதவில்லை. வேற்று மாநிலத்து அணி ஒன்று, இரண்டாம் டிவிஷன். ஐந்து மாத ஒப்பந்தம். கையெழுத்துப் போட்ட தாள் ஒன்றுதான், அதுவும் அலுவலகத்தில் இருந்தது. நகல் கேட்டேன், ஜெராக்ஸ் இயந்திரம் பழுது, நாளைக்கு வாங்கிக்கொள் என்றார்கள். அந்த நாளை வரவே இல்லை. முதல் இரண்டு மாதம் சம்பளம் வந்தது. மூன்றாவது மாதம் பாதி. அடுத்த சுற்றுக்கு அணி போகவில்லை என்றதும் தங்கியிருந்த விடுதியில் சாப்பாட்டை நிறுத்திவிட்டார்கள். பதினெட்டுப் பேர் இருந்தோம். மணிப்பூர்ப் பையன் ஒருவன் ஊருக்குப் போகக் காசில்லாமல் தன் புது பூட்ஸை விற்றான். வாங்கியவன் கோல்கீப்பர், அவனுக்கு அந்த அளவு பொருந்தாது. பையனுக்கு உதவ வேண்டும் என்றுதான் வாங்கினான். நான் ஊருக்கு வந்து அடுத்த அணிக்குப் பேசினேன். அவர்கள் தடையில்லாச் சான்று கேட்டார்கள். பழைய அணி, பாக்கியைக் கேட்க மாட்டேன் என்று எழுதிக் கொடுத்தால் சான்று தருகிறோம் என்றது. பேசிப் பேசிப் பதிவுக்கான கடைசித் தேதி கடந்துபோனது. அந்த வருடம் நோட்டில் நீல வரியே இல்லை. எனக்கு அப்போது 27 வயது. ஸ்ட்ரைக்கருக்கு 27 என்றால் என்ன வயது என்று ஆடியவர்கள் உங்களிடையே இருந்தால் அவர்களைக் கேளுங்கள்.

இதற்கெல்லாம் விதி இருக்கிறது என்பீர்கள். இருக்கிறது. இரண்டு மாதச் சம்பளம் நின்றால், பதினைந்து நாள் அவகாசம் கொடுத்து எழுத்தில் கேட்டுவிட்டு, வீரன் ஒப்பந்தத்தை முறித்துக்கொள்ளலாம் என்று ஃபிஃபாவின் விதி 2018 முதல் சொல்கிறது. நல்ல விதி. ஆனால் ஐந்தே மாத ஒப்பந்தத்தில் இரண்டு மாதம் சம்பளம் நின்று, பதினைந்து நாள் காத்திருந்து, அப்புறம் முறையிட்டால், தீர்ப்பு வரும்போது ஆட ஒரு லீக் இருக்காது. பெரிய அணிகளுக்கு உரிமம் கொடுக்கும்போது வீரர்களுக்குப் பாக்கி இல்லை என்று காட்டச் சொல்கிறீர்கள். அதைக் கீழே வரைக்கும் கொண்டு வாருங்கள். இரண்டாம், மூன்றாம் டிவிஷன் அணி ஒன்று ஒரு வீரனைப் பதிவு செய்ய வேண்டுமென்றால், அவனுடைய சீசன் சம்பளத்துக்கான தொகையை முன்கூட்டியே உங்களிடம் வைப்பாகக் கட்டட்டும். ஒப்பந்தத்தின் நகல் உங்கள் கணினி வழி வீரர் பதிவான சி.ஆர்.எஸ்.-இல் ஏறி, வீரன் தன் கைபேசியிலேயே அதைப் பார்க்க முடியட்டும். பாக்கி வைத்த அணி தடையில்லாச் சான்றைப் பிடித்து வைக்க முடியாது என்று ஒரு வரி எழுதுங்கள். இதில் எதற்கும் பெரிய செலவில்லை.

ஆனால் சம்பளப் பாதுகாப்பு மட்டும் கிடைத்து ஆட்டம் கிடைக்காவிட்டால் எங்களுக்குப் பாதி வாழ்க்கைதான். நான் முதன்மையாகக் கேட்பது நீளமான சீசன். ஐ.எஸ்.எல். முதல் ஆண்டு அக்டோபர் 12-இல் தொடங்கி டிசம்பர் 20-இல் முடிந்தது. பத்து வாரம். பிறகு வளர்ந்து வளர்ந்து 2024-25-இல் ஓர் அணிக்கு 24 லீக் ஆட்டம் என்று வந்தது. மேலே இருப்பவர்களுக்கு நீங்கள் செய்த அந்த நல்லதைக் கீழே இருப்பவர்களுக்குச் செய்யுங்கள். இரண்டாம் அடுக்கிலும் மூன்றாம் அடுக்கிலும் செப்டம்பரிலிருந்து மே வரை வாரம் ஓர் ஆட்டம். பயணச் செலவு அதிகம் என்றால் தெற்கு, மேற்கு, கிழக்கு, வடகிழக்கு என்று பிரித்து நடத்துங்கள். சென்னைக்காரன் கோழிக்கோட்டுக்கும் பெங்களூருக்கும் கோவாவுக்கும் இரவு ரயிலில் போய் ஆடிவிட்டு வருவான். நான் மங்களூர் மெயிலில் முன்பதிவில்லாப் பெட்டியில் நின்றுகொண்டு போய், இறங்கிய அன்றே ஆடியிருக்கிறேன். விமானம் வேண்டாம் எங்களுக்கு. அட்டவணை வேண்டும்.

2025 ஜூலையில் என்ன நடந்தது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. 2010-இல் நீங்கள் வணிகக் கூட்டாளியோடு போட்ட பதினைந்து ஆண்டு ஒப்பந்தம் டிசம்பரில் முடியப் போகிறது, புதியது கையெழுத்தாகவில்லை என்று ஐ.எஸ்.எல். நிறுத்தி வைக்கப்பட்டது. பதினைந்து ஆண்டுக்கு முன்பே முடியும் தேதி தெரிந்த ஒப்பந்தம் அது. சில கிளப்கள் சம்பளத்தை நிறுத்தின. அந்த ஆண்டு முடியும் வரை அந்த லீக்கில் ஒரு பந்தும் உருளவில்லை. சேத்ரி போன்றவர்கள் பேசினார்கள், செய்தியானது. அவர்கள் பேசியது எங்களுக்காகவும்தான், அதற்கு நன்றி. ஆனால் சீசனுக்குச் சீசன் ஒப்பந்தத்தில் வாழும் 28 வயது ஸ்ட்ரைக்கர் ஒருவன் அந்த ஆறு மாதத்தில் இழந்ததை எந்தத் தீர்ப்பும் திருப்பித் தராது. என் சிநேகிதர் ஒருவர், பெயர் வேண்டாம், அந்த அக்டோபரில் உணவு விநியோக வண்டி ஓட்டினார். மழையில் நனைந்து வந்து என் வீட்டு வாசலில் நின்று, கால் இறுகிப் போகிறது, நாளைக்கு உங்கள் பையன்களோடு கொஞ்சம் ஓடலாமா என்று கேட்டார். மறுநாள் விடியற்காலை ஐந்தரைக்கு வந்துவிட்டார். பதினைந்து வயதுப் பிள்ளைகளோடு கிராஸ் பந்துகளை அடித்துப் பழகினார். முதல் ஐந்து பந்தும் குறுக்குக் கம்பத்துக்கு மேலே போயின. ஆறாவது உள்ளே போனது. வலையிலிருந்து பந்தை எடுத்து வந்து, கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் அப்படியே நின்றார்.

என் முழங்காலைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2017 பிப்ரவரியில் அது போனது பென்சில் வரி ஆட்டம் ஒன்றில். வயலில் ஒரு பள்ளம். எனக்கு ஒரு நீல வரி அணியில் ஒப்பந்தம் இருந்தது, அந்த அணிக்கு மூன்று மாதமாக ஆட்டம் இல்லை. அங்கீகாரமில்லாத போட்டியில் அடிபட்டதால் சிகிச்சைக்குப் பணம் தர முடியாது என்றார்கள். சட்டப்படி சரி. மலப்புறத்துக் குழுவினர் ஊரில் துண்டு ஏந்தி வசூல் செய்து பாதிச் செலவைக் கொடுத்தார்கள். மீதியை என் மனைவி நகையை வைத்துக் கட்டினாள். நான் அங்கே போய் ஆடியது தவறு என்றால் ஏற்றுக்கொள்கிறேன். ஆட்டமே வைக்காமல் மூன்று மாதம் ஒருவனைச் சும்மா உட்கார வைத்ததற்கும் ஒரு பெயர் இருக்க வேண்டும். பதிவு செய்த எல்லா வீரர்களுக்கும் பன்னிரண்டு மாதமும் செல்லும் காப்பீடு ஒன்றை நீங்களே எடுங்கள். எந்த மைதானத்தில் அடிபட்டாலும் எலும்பு ஒன்றுதான்.

செவன்ஸ் அமைப்பாளர்களோடும் உட்கார்ந்து பேசுங்கள். பத்தாயிரம் பேரை ஒரு வயலுக்கு வரவழைக்கத் தெரிந்தவர்கள் அவர்கள். எந்த மாதம் உங்கள் லீக், எந்த மாதம் அவர்கள் ஆட்டம் என்று பிரித்துக்கொண்டால் ஒளிந்து ஆட வேண்டிய தேவை யாருக்கும் இருக்காது.

நான் இப்போது முல்லை நகர் பக்கம் காலையில் பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுக்கிறேன். அவர்களில் ஒருவனுக்குப் பதினெட்டு வயது ஆகப்போகிறது. துறைமுகத்தில் சுமை தூக்குபவரின் மகன். நான் சொல்லிக் கொடுக்காமலே தடுப்பாட்டக்காரனின் தோளுக்குப் பின்னால் போய் நிற்கிறான். அந்தத் தலை திரும்பும் நொடி அவனுக்குத் தெரிந்திருக்கிறது. முதல் முறை அதைப் பார்த்தபோது, 2018-இல் நேரு ஸ்டேடியத்தில் பார்த்ததுபோல் எனக்கு உடல் சிலிர்த்தது.

போன வாரம் மலப்புறத்திலிருந்து ஓர் அணி மேலாளர் அவனைக் கேட்டுப் போன் செய்தார். நல்ல மனிதர், எனக்கு இருபது வருடப் பழக்கம். ஓர் ஆட்டத்துக்கு அவன் அப்பாவின் மூன்று நாள் கூலி. அடுத்த வெள்ளிக்கிழமை இரவு ரயில். பையனின் அப்பா என்னிடம் விட்டுவிட்டார், நீங்கள் சொன்னால் அனுப்புகிறேன் தம்பி என்றார். பையன் என்னிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டான்: "இந்த வருடம் லீக் எந்தத் தேதியில் தொடங்கும் அண்ணா? அதற்கு முன்னால் திரும்பி வந்துவிடலாமா?"

வியாழக்கிழமைக்குள் அவனுக்கு நான் பதில் சொல்ல வேண்டும். அந்தத் தேதியை எனக்குத் தெரிவியுங்கள்.

இப்படிக்கு,
பதினோரு அணிகளுக்கு ஆடிய ஒரு ஸ்ட்ரைக்கர்,
வியாசர்பாடி, சென்னை